டிங் சொல்லாத மூடிகள்

1

இந்தக் கதை ஒரு மூடியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மனதை மூடும் மூடி, உண்மையை மறைக்கும் மூடி என்று எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். பீன்ஸ் ஜாடியின் மூடி. வெள்ளைப் பிளாஸ்டிக் வட்டு, அதற்கு அடியில் ஒரு ரப்பர் வளையம். பீன்ஸைச் சாப்பிட்டு முடித்துவிட்டேன். மூடியைக் கழுவி வெர்லாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வந்து கேட்பாள்.

பத்திரிகை ஆசிரியர் ஒருவரிடம் போனில் இதைச் சொன்னபோது, "மூடியைப் பத்திக் கதையா?" என்றார். "கென்டக்கி மலைக்குள்ள இத்தனை வருஷமா இருக்கீங்க, உங்க தனிமையைப் பத்தி எழுதலாமே" என்றும் சொன்னார். எனக்குத் தனிமை கிடையாது. பக்கத்து வீட்டில் வெர்லா இருக்கிறாள். அவள் இருக்கும் இடத்தில் தனிமைக்கு உட்கார நாற்காலி கிடைக்காது. நான் மூடியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அங்கே கவிதை இருக்கும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மல்லட் ஓடைப் பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் மாதத்துக் காலை மூடுபனி, மலைகளின் தோளில்"

அடித்துவிட்டேன். மலைக்குத் தோள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

இரண்டாவது முயற்சி: "வெர்லாவும் அவள் அண்ணி ஓப்பலும் பேச்சை நிறுத்திக்கொண்ட வருடம்தான் கடைகளில் மூடி கிடைக்கவில்லை."

வாக்கியம் நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். அவர்கள் ஒருநாளும் பேச்சை நிறுத்தவில்லை. பேசிப் பேசித்தான் இந்த நிலைமைக்கு வந்தார்கள்.

மூன்றாவது முயற்சி: "எல்பர்ட் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர்"

இதை முதல் வரியாக வைத்திருந்தால் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மிச்சத்தைப் படித்திருப்பீர்கள். அதனாலேயே வைக்கவில்லை. ஆனாலும் விஷயம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததாகவே இருக்கட்டும்.

சரி, நேராகச் சொல்கிறேன். வெர்லா எங்கள் பக்கத்துப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். எல்பர்ட் அவளுடைய அண்ணன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவர். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடுதான் வீட்டுக்குள் நடமாட்டம். ஓப்பல் அவருடைய மனைவி. சர்ச் சமையலறை அவள் ராஜ்யம். வருடா வருடம் வெர்லா தன் தோட்டத்துப் பீன்ஸை ஜாடிகளில் அடைத்து அண்ணனுக்குக் கொடுப்பாள். பன்றிக்கொழுப்போடு குழைய வேகவைத்த அந்தப் பீன்ஸும் சோளரொட்டியும்தான் இப்போது அவருக்குத் தொண்டையில் இறங்குகிறது. இந்த வருடம் ஓப்பல் அந்த ஜாடிகளை வீட்டுக்குள் விட மாட்டேன் என்கிறாள். காரணம் மூடி.

தங்கை கையால் சாப்பிட அண்ணனுக்குக் கிடைக்குமா, கிடைக்காதா. கதை இவ்வளவுதான்.

(*அண்ணி: இந்த ஊரில் அண்ணன் மனைவியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "அண்ணி" நான் போட்டது. வெர்லாவிடம் விளக்கினேன். "மரியாதையா, கிண்டலா?" என்று கேட்டாள். இரண்டுக்கும் உதவும் என்றேன். "அப்ப வச்சுக்க" என்றாள்.)

3

இனி கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன்.

கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும் தகர மூடி ஒரே ஒரு தடவைக்குத்தான். பீன்ஸை ஜாடியில் போட்டு, மூடியை வைத்து, மேலே திருகு வளையத்தை லேசாக முடுக்கி, பெரிய பிரஷர் பாத்திரத்தில் வேகவைத்து எடுத்து மேசை மேல் ஆறவிட வேண்டும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியின் நடு, "டிங்" என்ற சத்தத்தோடு உள்வாங்கும். டிங் கேட்டால் மூடி பிடித்துவிட்டது, நிம்மதி. திறக்கும்போது மூடி வளைந்துவிடும், குப்பைக்குத்தான் போகும். அடுத்த வருடம் புதிது வாங்கியாக வேண்டும்.

பிளாஸ்டிக் மூடி அப்படி இல்லை. ரப்பர் வளையத்தோடு திரும்பத் திரும்பப் போடலாம். வாங்கியவள் அதற்குப் பிறகு எந்தக் கடையையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அது சத்தம் போடாது. நன்றாகத்தான் பிடித்திருக்கும், ஆனால் பிடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது.

எங்கள் சர்ச்சில் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பெண்கள் எல்லாரும் கூடி அவரவர் பீன்ஸை அடைப்பார்கள். வேலை முடிந்ததும் காப்பிக் கோப்பைகளோடு உட்கார்ந்து ஜாடிகள் ஆறக் காத்திருப்பார்கள். யார் வரிசையிலிருந்து டிங் வருகிறதோ அவள் "ஆமென்" சொல்ல வேண்டும். யார் ஆரம்பித்த வழக்கம் என்று தெரியாது. பாதிரியார் இல்லாமல் ஆமென் சொல்லக் கிடைக்கும் ஒரே நாள் என்பதால் எல்லாருக்கும் அதில் உற்சாகம்.

வெர்லா முதன்முதலாகப் பிளாஸ்டிக் மூடியோடு வந்த வருடம் நானும் அங்கே இருந்தேன். ஓப்பல் வரிசையில் டிங், ஆமென். அடுத்தவள் வரிசையில் டிங், டிங், ஆமென், ஆமென். வெர்லாவின் வரிசை வாயே திறக்கவில்லை.

"வெர்லா பீன்ஸ் இன்னும் ரட்சிக்கப்படல போல" என்று ஓர் அம்மாள் சொல்ல, எல்லாரும் காப்பி சிந்தச் சிந்தச் சிரித்தார்கள்.

வெர்லா எழுந்தாள். தன் வரிசை முன்னால் போய் நின்று ஒவ்வொரு ஜாடியையும் விரலால் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் உரக்க ஆமென் சொன்னாள். கடைசி ஜாடிக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஓப்பல் மட்டும், "கேக்காத சத்தத்துக்கு ஆமென் சொன்னா அது பொய்சாட்சி" என்றாள்.

"கேக்காதது உங்க காது, அண்ணி" என்றாள் வெர்லா.

எனக்கு வெர்லாவை அப்போதுதான் ரொம்பப் பிடித்துப்போனது. இந்த எழுத்தாளர் நடுநிலையானவர் என்று இதுவரை நம்பியிருந்தால், மன்னிக்கவும்.

4

அவளுக்கு ஏன் இந்த வீம்பு என்பதற்கு நான் ஒரு முன்கதை சொல்ல வேண்டும். (ஒரு பிரதியில் இதைக் கனவாக எழுதிப் பார்த்தேன். வெர்லா கனவெல்லாம் காண்கிற ஆள் இல்லை. கிழித்தேன்.)

அந்த ஆமென் நாளுக்கு முந்தைய வருடம் கடைகளில் தகர மூடி அறவே கிடைக்கவில்லை. ஊர் முழுக்கத் திடீரென்று தோட்டம் போட்டது, மூடிகள் பறந்துவிட்டன. வெர்லாவின் பீன்ஸ் பறித்துக் குவித்துக் கிடந்தது, ஒன்றிரண்டு நாளில் வாடிவிடும். ஓப்பல் வீட்டு அலமாரியில் பிரிக்காத பெட்டிகள் இருந்தன. அது வெர்லாவுக்குத் தெரியும். போய் நின்றாள்.

"அண்ணி, ரெண்டு பெட்டி மூடி குடுங்க. வந்ததும் திருப்பித் தர்றேன்."

"எப்ப வரும்?"

"எனக்கென்ன தெரியும். கடைக்காரனுக்கே தெரியல."

"அப்ப எங்கிட்ட இருக்கறதுதான் இருக்கறது. தர முடியாது, வெர்லா."

"உங்க வீட்டுக்காரருக்குத்தான் அடைக்கிறேன்."

"அவருக்குத்தான் நானும் வச்சிருக்கேன்."

இரண்டே வாக்கியம், இரண்டிலும் ஒரே மனிதர். வெர்லா வீட்டுக்கு வந்து பீன்ஸை எல்லாம் ஊசிநூலில் கோத்து வராந்தாவில் தோரணம் தோரணமாகக் காயப்போட்டாள். காய்ந்த பீன்ஸ் எல்பர்ட்டுக்கு ஆகாது, மெல்லும்போதே மூச்சு வாங்கும். அந்தக் குளிர்காலம் அவர் அவள் கைப் பீன்ஸைச் சாப்பிடவில்லை.

"இனிமே ஒரு மூடிக்காக எவ வீட்டு வாசல்லயும் போய் நிக்க மாட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். பல் தேய்க்கும்போது சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்த வாரமே பிளாஸ்டிக் மூடிகளுக்குச் சொல்லிவைத்தாள்.

5

இந்த இடத்தில் எனக்கு ஓப்பல் மேல் சந்தேகம் வந்தது. அவளைப் பற்றிய சந்தேகம் இல்லை, நான் எழுதிய ஓப்பல் மேல் வந்த சந்தேகம். முதல் பிரதியில் அவளுக்கு மெல்லிய உதடுகள் கொடுத்திருந்தேன். கதைகளில் கல்நெஞ்சுக்காரிகளுக்கு எப்போதும் மெல்லிய உதடுகள். உண்மையில் அவளுக்கு உதடு நன்றாகத் தடிமனாகத்தான் இருக்கிறது. சிரித்தால் அழகாகவும் இருப்பாள்.

அவள் பக்கத்தையும் சொல்கிறேன். வெர்லா பிளாஸ்டிக் மூடி போட்ட முதல் வருடம் ஒரு தப்பு நடந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே நடக்கக்கூடிய தப்பு. தகர மூடிக்கு ஒரு சட்டம்: ஜாடி வெளியே வந்த பிறகு வளையத்தைத் தொடவே கூடாது, தொட்டால் பிடி விட்டுப்போகும். தொடப்போன சிறுமிகள் கையில் அடி வாங்கியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் மூடிக்குச் சட்டம் தலைகீழ்: வெளியே எடுத்த உடனே, சூட்டோடு சூடாக, வளையத்தை இறுக்கித் திருக வேண்டும். வெர்லாவுக்கு அது தெரியும். துணியைச் சுற்றிக்கொண்டு திருகவும் செய்தாள். ஆனால் சில ஜாடிகளுக்கு முன்னால் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"பேருந்துல சிவப்பு விளக்குக்குக் கால் தானா பிரேக்குக்குப் போகும்ல, அது மாதிரி" என்றாள் என்னிடம். "திருகுறேன்னு நெனச்சேன். திருகல."

அப்படித் திருகாத ஒரு ஜாடி எல்பர்ட்டின் வீட்டுக்குப் போனது. ஓப்பல் திறந்தாள். வளையத்தைக் கழற்றியதும் மூடி தானாக நகர்ந்தது, உள்ளே நுரை கட்டியிருந்தது, நாற்றம் வேறு. கெட்ட பீன்ஸ் ஆளைக் கொல்லும். அதுவும் எல்பர்ட் மாதிரி ஆளை.

ஓப்பல் அந்த வருடத்து ஜாடிகள் அத்தனையையும் திறந்துகூடப் பார்க்காமல் குழிவெட்டிப் புதைத்தாள். பிறகு வெர்லாவிடம் வந்து முகத்துக்கு நேரே சொன்னாள். சர்ச்சில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெர்லா அந்தச் சமையலறைப் பக்கமே தலைகாட்ட முடியாது. இதை எழுதும்போது எனக்கு ஓப்பல் மேல் ஏற்படுகிற மரியாதையை மறைக்கப்போவதில்லை.

"தப்பு என்னோடது" என்றாள் வெர்லா. "இப்ப கை பழகிடுச்சு. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ பாக்குறேன்."

"தகர மூடிக்கு மாறிடு."

"மாட்டேன்."

"சத்தமே வராததை எப்படி நம்பறது?"

"இத்தன வருஷமா நீங்க நம்பினது என்னையா, அந்தத் தகரத்தையா?"

ஓப்பல் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "தகரத்தை" என்றாள்.

நான் இந்தப் பதிலை மூன்று விதமாக மாற்றி எழுதிப் பார்த்தேன். "உன்னைத்தான், ஆனா" என்று ஒரு பிரதியில். பேசாமல் தலைகுனிந்தாள் என்று இன்னொன்றில். எதுவும் ஒட்டவில்லை. அவள் "தகரத்தை" என்றுதான் சொன்னாள், வெர்லாவுக்கு அது எங்கே வலித்தது என்று எனக்குத் தெரியும். அவள் அடுத்த நாள் பேருந்தை ஓட்டியபோது குழந்தைகள் சத்தம் போடாமல் வந்தார்களாம்.

6

இந்த வருடம் முதல் உறைபனி விழுந்து, தோட்டம் கருகிப்போன பிறகு ஒரு மத்தியானம் வெர்லா இரண்டு பெட்டி ஜாடிகளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். ஒரு பெட்டியைத் தூக்க நான் போனேன். அதனால் இனி வருவது நான் நேரில் பார்த்தது. நேரில் பார்த்தது என்பதால் உண்மை என்று அர்த்தமில்லை, ஆனால் இதற்கு மேல் உத்தரவாதம் என்னிடம் இல்லை.

ஓப்பல் வலைக்கதவுக்கு உள்ளே நின்றாள். கொக்கியை எடுக்கவில்லை.

"வராந்தால வச்சிட்டுப் போ."

வராந்தாவில் வைத்தது எதுவும் உள்ளே போகாது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"உள்ள வைக்கிறேன்" என்றாள் வெர்லா.

ஓப்பல் திரும்பினாள். உள்ளே போய் ஏதோ எடுத்து வந்து, கொக்கியைத் தளர்த்தி, கதவை ஒரு சாண் திறந்து நீட்டினாள். தகர மூடிப் பெட்டி. ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து, பிரிக்காதவை.

"இந்தா. அடுத்த வருஷத்துக்கு. நானே தர்றேன், திருப்பித் தர வேணாம். இதுல அடைச்சுக் கொண்டா, வாங்கிக்கிறேன்."

நான் வெர்லாவின் முகத்தைப் பார்த்தேன். வாங்கிக்கொள், வாங்கிக்கொள் என்று மனதுக்குள் சொன்னேன். எழுத்தாளருக்குக்கூட அவ்வப்போது சமாதானம் வேண்டியிருக்கிறது.

"அடுத்த வருஷத்துக்கா" என்றாள் வெர்லா. "அடுத்த வருஷம் யாருக்குன்னு அடைக்கிறது, அண்ணி?"

ஓப்பலின் கை பெட்டிகளோடு அப்படியே நின்றது. இந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லாமல் இருந்த விஷயம் அது.

"கேட்டப்போ குடுக்கல" என்றாள் வெர்லா. "இப்ப எனக்குத் தேவையில்ல. அவருக்கு இந்த வருஷம்தான் வேணும். இந்த மூடியிலதான் இருக்கு."

7

இங்கே நிறுத்திவிட்டு ஆசிரியருக்குப் போன் செய்து மூன்று முடிவுகளைச் சொன்னேன்.

அ) ஓப்பல் அழுகிறாள், வெர்லா அழுகிறாள், இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். நடுவில் ஜாடி.

ஆசிரியருக்கு இது பிடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. இது எந்தக் கதைக்கும் பொருந்தும் முடிவு, கழுவிக் கழுவி எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். திரும்பத் திரும்பப் போடும் மூடியின் கட்சிதான் நானும், ஆனால் அது ஜாடிக்கு.

ஆ) எல்பர்ட் சாப்பிடுகிறார். அவருக்கு ஏதோ

எழுத மாட்டேன். கதையை முடிக்கத் தெரியாதவர்கள்தான் ஆளைக் கொல்வார்கள். அவர் தன் மூச்சுக்குத் தானே போராடிக்கொண்டிருக்கிறார், நானும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்க வேண்டாம்.

இ) வெர்லா இறங்கி வருகிறாள். அண்ணனுக்கு மட்டும் தகர மூடி, தனக்குப் பிளாஸ்டிக்.

இதை வெர்லாவிடமே சொல்லிப் பார்த்தேன். பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாயை என் பக்கம் திருப்பாதது அவள் பெருந்தன்மை.

"என்னை எதுக்கு மண்டி போட வைக்கிற?"

"கதைக்கு ஒரு முடிவு வேணும்ல, அக்கா."

"உன் கதைக்கு முடிவு வேணும்னா நீ மண்டி போடு."

போடவில்லை. நானும் இத்தனை வருடமாக இந்த ஊர்க்காரிதான்.

8

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன், எதுவரை சொல்ல இஷ்டமோ அதுவரை.

ஓப்பலுக்குப் பின்னாலிருந்து ஆக்சிஜன் குழாய் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. எல்பர்ட் வந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு சேர்த்தார்.

"ஏ குட்டி. பீன்ஸா?"

"பீன்ஸ்தாண்ணே."

"ஏன் வெளியவே நிக்கறீங்க? மூணு பொம்பளைங்க நிக்கறீங்க, ஒருத்திக்கும் கதவு திறக்கத் தெரியலையா?"

"எல்பர்ட், போய் உக்காருங்க" என்றாள் ஓப்பல்.

"உக்காந்துதான இருக்கேன் நாள் பூரா."

அவர் கதவை முழங்கையால் தள்ளித் திறந்தார். என் கையிலிருந்த பெட்டியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தார். பெரிய ஜாடி, நிறையப் பீன்ஸ், நல்ல கனம். வளையத்தைத் திருகிக் கழற்றி என் பெட்டிக்குள் போட்டார். இப்போது ஜாடியின் வாயில் வெறும் வெள்ளை வட்டு மட்டும். அதன் விளிம்பை விரல் நுனிகளால் பிடித்தார். பிளாஸ்டிக் மூடி பிடித்திருக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. ஜாடியைத் தொடாமல், மூடியை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். நல்ல பிடி என்றால் ஜாடி கூடவே வரும். இல்லையென்றால் மூடி கையில், ஜாடி தரையில்.

"இது எப்படித் தெரியும்ணே உனக்கு?" என்று வெர்லா கேட்டாள்.

"எனக்கு மூச்சுதான் போச்சு, குட்டி. கண்ணு இருக்கு."

மற்றக் கையை ஜாடியிலிருந்து எடுத்துவிட்டுத் தூக்கினார்.

ஜாடி வந்தது. ஆடியது, உள்ளே தண்ணீரும் அலம்பியது. ஆனால் வந்தது. இடுப்பு உயரம், அப்புறம் நெஞ்சு உயரம். அவர் இன்னும் உயர்த்தினார். எதற்கு என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் நீலம் பூத்துக்கொண்டிருந்தது. விடுவதாக இல்லை.

ஓப்பலின் கையிலிருந்த தகர மூடிப் பெட்டிகள் எப்போது கீழே விழுந்தன என்று நான் கவனிக்கவில்லை. அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் ஜாடிக்கு அடியில் இருந்தன. தொடவில்லை. ஒரு விரல்கடை இடைவெளியில், தண்ணீர் ஏந்துவதுபோல் குவிந்து, ஜாடி ஆடும் பக்கமெல்லாம் கூடவே ஆடிக்கொண்டிருந்தன.

"கைய எடுங்க, அண்ணி" என்றாள் வெர்லா. "விழாது."

"எடுக்க மாட்டேன்."

"விழாதுன்னு சொல்றேன்ல. நல்லாத் திருகியிருக்கேன்."

"விழாட்டியும் எடுக்க மாட்டேன்."

வெர்லா தன் பெட்டியைக் காலடியில் இறக்கி வைத்தாள்.

இதற்கு மேல் ஒரு வரியும் எழுதப்போவதில்லை. ஆசிரியர் போன் செய்தால் எடுக்க மாட்டேன். எல்பர்ட்டின் கை இன்னும் மேலேதான் இருக்கிறது, ஓப்பலின் கைகள் அடியில் இருக்கின்றன, வெர்லாவின் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் வையுங்கள். சீக்கிரம் வையுங்கள், அவருக்கு மூச்சு வாங்குகிறது.